‘ஃபுல் இன்சூரன்ஸ்’ போட்டால் வெள்ளத்துக்கும் சேருமா?

கேள்வி: ஆறு வருடம் ஓடிய 1197 சி.சி. பெட்ரோல் கார் ஒன்றை ஆவணியில் வாங்கினேன். ஆர்.சி. என் பெயருக்கு மாறிவிட்டது. இன்சூரன்ஸ் விற்றவர் பெயரில் ஐப்பசிக் கடைசிவரை இருக்கிறது. புதுப்பிக்க ஏஜென்ட் மூன்று தொகை சொல்கிறார்: தேர்டு பார்ட்டி ரூ.4,420, ஃபுல் இன்சூரன்ஸ் ரூ.8,900, பம்பர் டு பம்பர் ரூ.13,700. வீடு வாய்க்கால் கரையில் இருக்கிறது. அடைமழை பிடித்தால் வாசலில் முழங்கால் தண்ணீர் நிற்கும். என் மைத்துனர் அவ்வப்போது காரை எடுத்துப்போவார். தெரிந்தவர்களைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கோ திருச்சி ஏர்போர்ட்டுக்கோ கூட்டிப்போய், கொடுப்பதை வாங்கிக்கொள்வார். இதற்கு முன் வைத்திருந்த காரை ஆனியில்தான் விற்றேன். மூன்றில் எதை எடுப்பது?

– திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: ஐயா, மூன்றில் எது என்பதைப் பிறகு பார்ப்போம். அதைவிட அவசரமான ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஆர்.சி. உங்கள் பெயரில், பாலிசி விற்றவர் பெயரில் என்கிறீர்கள். இந்த நிலையில் நாளைக்கு ஒரு தென்னை மரம் காரின் மேல் விழுந்தால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. விற்றவருக்கும் கிடைக்காது.

காரணம் இதுதான். ஒரு பாலிசிக்குள் இரண்டு தனித்தனி ஒப்பந்தங்கள் இருக்கின்றன. உங்கள் காரால் அடுத்தவருக்கு ஏற்படும் இழப்பைக் கம்பெனி ஏற்பது ஒன்று. அதுதான் தேர்டு பார்ட்டி. உங்கள் காருக்கே ஏற்படும் சேதத்தை ஏற்பது இன்னொன்று. அது ஓன் டேமேஜ். கார் கை மாறினால் தேர்டு பார்ட்டி பகுதி சட்டப்படி தானாகவே வாங்கியவரோடு வந்துவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஓன் டேமேஜ் பகுதி அப்படி வராது. 14 நாளுக்குள் எழுதிக் கொடுத்து, கம்பெனி பெயர் மாற்றிக் கொடுத்தால்தான் அது உங்களுடையது. 1996லேயே உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்துவிட்டது. உங்களுக்கு 14 நாள் தாண்டியிருக்கலாம். அதற்காக விட்டுவிடாதீர்கள். புதிய ஆர்.சி. நகல், பழைய பாலிசி, உங்கள் பெயரில் ஒரு புரபோசல் (விண்ணப்பப்) படிவம் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே அந்தக் கம்பெனியின் கிளைக்குப் போங்கள். வண்டியை ஒருமுறை பார்த்துவிட்டுச் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு மாற்றித் தருவார்கள். விற்றவர் அனுபவித்த நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காத வருடங்களுக்கான) தள்ளுபடியில், மீதி நாளுக்கு உண்டான தொகையையும் கட்டச் சொல்வார்கள், அது நியாயமானதுதான். ‘இன்னும் ஒரு மாதம்தானே, புதுப்பிக்கும்போது மாற்றிக்கொள்ளலாம்’ என்று ஏஜென்ட் சொன்னால் கேட்காதீர்கள். அந்த ஒரு மாதம்தான் ஐப்பசி.

இனி மூன்று தொகைகளுக்கு வருவோம்.

ரூ.4,420 என்பதில் பேரம் பேச இடமில்லை. தேர்டு பார்ட்டி பிரீமியத்தை அரசுதான் நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1000 சி.சி. வரை ரூ.2,094, அதற்கு மேல் 1500 சி.சி. வரை ரூ.3,416, அதற்கும் மேலே ரூ.7,897. உங்கள் கார் நடு வரிசையில் வருகிறது. 3,416க்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் ரூ.4,031. மீதி, வண்டி உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் அதற்கான வரியும். சட்டம் கேட்பது இவ்வளவுதான். இதுகூட இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல்முறை ரூ.2,000 அபராதமோ 3 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். மறுபடி பிடிபட்டால் அபராதம் ரூ.4,000.

அடுத்தவர் உயிரிழந்தாலோ காயமடைந்தாலோ தேர்டு பார்ட்டியில் உச்சவரம்பு கிடையாது. தீர்ப்பாயம் எவ்வளவு விதிக்கிறதோ அவ்வளவையும் கம்பெனி கட்டும். அடுத்தவர் சொத்துக்கு மட்டும் ரூ.7.5 லட்சம் வரை. இதில் பலரும் கவனிக்காத ஓட்டை ஒன்று உண்டு. சொந்தக் காரில் உங்களோடு உட்கார்ந்து வரும் உறவினரோ நண்பரோ, தேர்டு பார்ட்டி மட்டும் உள்ள பாலிசியில் ‘மூன்றாம் நபர்’ கணக்கில் சேரமாட்டார் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. இரண்டு பகுதியும் சேர்ந்த பேக்கேஜ் பாலிசியில் அவரும் சேருவார் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தெளிவாக்கியது. வேளாங்கண்ணிக்கும் திருநள்ளாற்றுக்கும் குடும்பத்தோடு போய்வரும் காருக்குத் தேர்டு பார்ட்டி மட்டும் போதாது என்று நான் சொல்வதற்கு, காரின் விலையைவிட இதுவே பெரிய காரணம்.

ஏஜென்ட் ‘ஃபுல்’ என்று சொல்வது இந்தப் பேக்கேஜ் பாலிசியைத்தான். பாலிசித் தாளில் ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்ற சொல்லே இருக்காது. மோதல், தீ, இடி, திருட்டு, கலவரம், புயல், வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவை இதில் அடங்கும். கஜா புயலில் முறிந்து விழுந்த மரங்களைப் போல ஒன்று உங்கள் கார் மேல் விழுந்தாலும் இதில்தான் கேட்க முடியும். அறுவடைக் காலத்தில் ரோட்டில் பரப்பிய வைக்கோல் அடியில் சுற்றிக்கொண்டு, சைலன்சர் சூட்டில் தீப்பிடித்தால் அதுவும் இதில் சேரும். சேராதவை: தேய்மானம், தானாக வரும் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் கோளாறு, கடற்கரைக் காற்றில் ஏறும் துரு, குடித்துவிட்டு ஓட்டியது, செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியது. எலி ஒயரைக் கடித்தால் சில கம்பெனிகள் கொடுக்கின்றன, சில மறுக்கின்றன. வயல் ஓரத்து வீட்டுக்காரர் என்பதால் இதை முன்கூட்டியே கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

‘ஃபுல்’ பாலிசியில் ஆறு வருடக் காருக்குக் கைக்கு எவ்வளவு வரும் என்பதை ஒரு கணக்கிலேயே காட்டிவிடுகிறேன். முன்னால் போன டிப்பர் லாரியின் பின்புறத்தில் உங்கள் கார் மோதியதாக வைத்துக்கொள்வோம். ஒர்க்‌ஷாப் பில்: முன் பம்பர் 6,000, பானெட் 9,000, ஹெட்லைட் 8,000, முன் கண்ணாடி 7,000, பெயிண்ட் 8,000, கூலி 5,000. மொத்தம் 43,000. பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி எல்லாவற்றுக்கும் வண்டி புதிதானாலும் பழையதானாலும் பாதிதான். அதனால் பம்பரில் 3,000, ஹெட்லைட்டில் 4,000 போகும். இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பார்ப்பார்கள். 5 முதல் 10 வயதுக்கு 40 சதவீதம். பானெட்டில் 3,600 போகும். கண்ணாடிக்குக் கழிவே இல்லை. பெயிண்ட் பில்லில் கால் பங்கைப் பொருள் செலவாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், 1,000. கூலியில் கழிவு கிடையாது. ஆகக் கழிவு 11,600. இதுபோக, 1500 சி.சி. வரையுள்ள காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000. கம்பெனி தருவது 30,400. உங்கள் கையிலிருந்து 12,600.

இந்த 11,600ஐத்தான் ‘பம்பர் டு பம்பர்’ காப்பாற்றுகிறது. பாலிசியில் இதன் பெயர் ஜீரோ டெப்ரிசியேஷன், அதாவது தேய்மானக் கழிவு இல்லாமல் தருவது. அப்போதும் 1,000 ரூபாய் பிடித்தம் உண்டு. டயருக்கும் பேட்டரிக்கும் பெரும்பாலும் பொருந்தாது. ஆயில், கூலன்ட், நட்டு போல்ட்டு போன்றவற்றுக்கு ‘கன்ஸ்யூமபிள்ஸ்’ என்று கூடுதல் பணம் கட்டி எடுக்கும் தனிச் சேர்ப்பு வேண்டும். வருடத்துக்கு இரண்டு கிளைம் என்ற வரம்பும் பல பாலிசிகளில் இருக்கும். ஐந்து வருடம் தாண்டிய காருக்குச் சில கம்பெனிகள் இதைத் தருவதே இல்லை. உங்களுக்குத் தருகிறேன் என்கிறார்கள் என்றால் நல்லதுதான். எத்தனை வயதுவரை தருவார்கள் என்றும் கேட்டுவையுங்கள்.

இப்போது நீங்கள் உண்மையில் பயப்படும் தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். பம்பர் டு பம்பர் என்ற பெயரைக் கேட்டு, தண்ணீர் புகுந்த எஞ்சினுக்கும் சேரும் என்று நம்புகிறவர்கள் டெல்டாவில் ஏராளம். சேராது.

நின்றிருக்கும் காரைச் சுற்றி முழங்கால் தண்ணீர் ஏறினால் கதவுக்கு அடியில் கசிந்து கார்பெட், சீட், ஒயரிங், சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டிகள் நனையும். காற்று உறிஞ்சும் வாய் இன்னும் உயரத்தில் இருப்பதால் எஞ்சினுக்குள் தண்ணீர் பெரும்பாலும் போயிருக்காது. மறுநாள் காலையில் ‘ஓடுதா பார்ப்போம்’ என்று சாவி போட்டு அந்தத் தண்ணீருக்குள்ளேயே ஓட்டும்போது, கார் தள்ளும் அலை மேலே ஏறி அந்த வாய் வழியாக உள்ளே போகிறது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீர் வழிவிடாது; கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிறகு எஞ்சினைப் பிரித்துக் கட்ட லட்ச ரூபாய்க்கு மேலேயும் ஆகலாம். சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்து பார்த்து, கார்பெட், ஒயரிங், கழுவிச் சுத்தம் செய்யும் செலவு ஆகியவை வெள்ளச் சேதம், ராடு வளைந்தது நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த பின்விளைவு என்று எழுதுவார். பின்விளைவு இழப்பு சாதாரணப் பாலிசியில் விலக்கப்பட்டது. கிளைம் தகராறுகளில் இது அடிக்கடி வருவது.

இதற்கான சேர்ப்பின் பெயர் எஞ்சின் புரொடெக்ட். கியர்பாக்ஸையும் சேர்த்துத் தருவது இருக்கிறது, எஞ்சின் மட்டும் தருவதும் இருக்கிறது; சேர்ந்ததை எடுங்கள். உங்கள் ரூ.13,700இல் இது இருக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. பாலிசித் தாளில் ‘ஆட்–ஆன்’ என்ற தலைப்பின் கீழ் அந்தப் பெயரும் அதற்கு எதிரே தொகையும் அச்சாகி இருக்க வேண்டும். இல்லையென்றால் இல்லை. இந்தச் சேர்ப்பு இருந்தாலும், தண்ணீர் புகுந்த பிறகு திரும்பத் திரும்பச் சாவி போட்டதற்குப் பல கம்பெனிகள் பணம் தராது.

ஆகவே தண்ணீர் ஏறினால் செய்ய வேண்டியது: சாவியைத் தொடாதீர்கள். தண்ணீர் கார் உடம்பில் எந்த மட்டம்வரை நிற்கிறது என்று தெரியும்படி நம்பர் பிளேட்டோடு நான்கு பக்கமும் படம் எடுங்கள். வடிந்த பிறகு தெரியும் சேற்றுக் கோட்டையும் எடுங்கள். தைரியமாகக் கை வைக்க முடிந்தால் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். அன்றைக்கே கம்பெனியின் இலவச எண்ணுக்குச் சொல்லிக் கிளைம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்வதோ கயிறு கட்டிக் கியரில் இழுப்பதோ கூடாது. மேலே ஏற்றிக்கொண்டு போகும் வண்டியை வரச்சொல்லுங்கள். சாதாரணப் பாலிசி இழுவைச் செலவுக்கு ரூ.1,500 வரைதான் தரும். மன்னார்குடியிலோ தஞ்சாவூரிலோ இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்கு ஏற்றிப்போக அது எட்டாது, எனவே ரோடு சைடு அசிஸ்டன்ஸ் சேர்ப்பு உங்களுக்குப் பயன்படும். சர்வேயர் பார்க்கும்வரை எஞ்சினைத் திறக்க விடாதீர்கள். ஆயில் ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கும்போது ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தாலோ, ஏர் ஃபில்டர் ஈரமாக இருந்தாலோ உள்ளே தண்ணீர் போய்விட்டது என்று பொருள். அதையும் சர்வேயர் முன்னால் படம் எடுங்கள்.

ஐ.டி.வி. என்று ஒரு தொகை பாலிசியில் இருக்கும். கார் திருட்டுப் போனாலோ முழுசாகப் போனாலோ கம்பெனி தரும் உச்சத் தொகை அது. ஐந்து வயதுவரை இதற்கு அட்டவணை இருக்கிறது. நான்காவது வருடம் முடிந்து ஐந்தாவதில் இருக்கும் காருக்குப் புதிய விலையில் பாதி. உங்களுடையது அதைத் தாண்டிவிட்டதால் நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்வதுதான். பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட ஏஜென்ட் கை வைக்கும் முதல் இடம் இதுதான். கார் சந்தையில் ரூ.3.5 லட்சம் போகும் என்றால் 2.6 லட்சம் போட்டுச் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பார். ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழு இழப்பு. 2.6 லட்சத்தில் அது 1.95 லட்சம்; டேஷ்போர்டுவரை தண்ணீர் ஏறிய காருக்கு அந்த எஸ்டிமேட் சுலபமாக வந்துவிடும். அப்போது 2.6 லட்சத்தில் பிடித்தம் போகத்தான் கைக்கு வரும். தேர்டு பார்ட்டிக்கு ஐ.டி.வி. கிடையாது; மற்ற இரண்டு தொகைக்கும் ஐ.டி.வி. ஒன்றுதானா என்று கேளுங்கள். பிரீமியம் குறைய நீங்களாக முன்வந்து ஏற்பதாகக் கூடுதல் பிடித்தம் எதையாவது சேர்த்திருக்கிறாரா என்றும் பாருங்கள்.

உங்கள் மைத்துனர் விஷயத்தில் மனம் நோகாமல் சொல்வது கடினம், ஆனால் சொல்லியே ஆக வேண்டும். வெள்ளை போர்டு காரில் ஆள் ஏற்றிப் பணம் வாங்குவது வாடகை ஓட்டம்தான். பெட்ரோலுக்கு மட்டும் வாங்கினேன் என்று பிறகு சொல்வதை நிரூபிப்பது சிரமம். அந்த நேரத்தில் விபத்து நடந்தால் ஓன் டேமேஜ் மறுக்கப்படும். அதைவிடப் பெரிது: அடிபட்டவருக்குக் கம்பெனி பணத்தைக் கட்டிவிட்டு, அதை உங்களிடமிருந்து வசூலித்துக்கொள்ளத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். அது பல லட்சம். ஆர்.சி.யில் பெயர் உங்களுடையது என்பதால் நோட்டீஸ் மைத்துனருக்கு வராது, உங்களுக்குத்தான் வரும். அவர் சொந்த வேலைக்கு எடுத்துப்போவதில் ஒரு தடையும் இல்லை. அவருடைய லைசென்ஸ் காலாவதியாகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஓட்டம் ஓட்ட வேண்டுமென்றால் மஞ்சள் போர்டுக்கு மாற்றி அதற்கான பாலிசி எடுக்கட்டும்.

அந்த 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு உரிமையாளரே ஓட்டும்போதோ காரில் இருக்கும்போதோ அவருக்கு மட்டும். உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான் தரும். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அல்ல. மைத்துனர் ஓட்டி அவருக்கு அடிபட்டால் இதில் வராது. உங்களிடம் ஏற்கெனவே 15 லட்ச ரூபாய்க்குத் தனி விபத்துப் பாலிசி இருந்தால் இங்கே மறுபடி கட்டத் தேவையில்லை என்று எழுதிக் கொடுக்கலாம். காரில் வருபவர்களுக்கு ஆளுக்கு 2 லட்சம்வரை தனிநபர் விபத்துக் காப்பீடு சேர்க்க முடியும். அதற்கான பிரீமியம் சொற்பம்.

உங்கள் கடிதத்தில் ஏஜென்ட் தொடாத ஒரு லாபம் இருக்கிறது. பழைய காரை ஆனியில் விற்றேன் என்கிறீர்கள். அந்தப் பாலிசியில் நோ கிளைம் போனஸ் சேர்ந்திருந்தால் அது உங்களுடையது; காரோடு போய்விடாது. கிளைம் இல்லாத வருடங்களுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஓன் டேமேஜ் பிரீமியத்தில் ஏறும் தள்ளுபடி அது. பழைய கம்பெனிக்கு விற்பனை ஆதாரத்தோடு எழுதினால் போனஸ் சான்று தருவார்கள். அது மூன்று வருடம் செல்லும். இப்போது வாங்கிய காருக்கு அதைக் கொடுத்தால், சேர்ப்புகள் போக அடிப்படை ஓன் டேமேஜில் அந்தச் சதவீதம் குறையும். எஞ்சின் புரொடெக்ட்டுக்கு ஆகும் செலவு இதிலேயே வந்துவிட வாய்ப்பு உண்டு. அதேபோல் பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் போனஸ் போய்விடும். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க் கீறலுக்கெல்லாம் கிளைம் கேட்டு அந்தத் தள்ளுபடியை இழக்கவும் வேண்டாம்.

கிளைமை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதி ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் ஒரு வருடத்துக்குள் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, ரூ.50 லட்சம்வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம்.

உங்கள் கேள்விக்கான விடை: பேக்கேஜ் பாலிசி, அதோடு எஞ்சின் கியர்பாக்ஸ் புரொடெக்ட், ரோடு சைடு அசிஸ்டன்ஸ். உங்கள் வாசலுக்கு இவை மூன்றும் கட்டாயம். ஜீரோ டெப்ரிசியேஷனைக் கையில் பணம் இருந்தால் சேருங்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் எஞ்சின் சேர்ப்பையே எடுங்கள். சாவி தொலைந்தால், டயர் வெடித்தால் என்று வரும் மற்றவற்றை விட்டுவிடலாம். முழு இழப்பில் கார் வாங்கிய பில் தொகையையே தரும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் புதிய காருக்கானது. ஓடிக்கொண்டிருக்கும் பாலிசியின் நடுவில் எஞ்சின் சேர்ப்பைப் பல கம்பெனிகள் ஏற்பதில்லை. பெயர் மாற்றப் போகும்போது அதைக் கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் புது பாலிசி தொடங்கும் நாள்வரை, மழை வலுக்கும் இரவுகளில் காரை மேட்டுத் தெருவில் யார் வீட்டு வாசலிலாவது விட்டுவையுங்கள்.